காலில்லாமல் வந்த கோழிகள்

தெருவில் அவளுக்குக் கோழியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்ட வேண்டும். கோழியக்கா என்று தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தால் மட்டும் போதும், தூக்கத்திலும் "முழுசா, பாதியா?" என்று கேட்டுவிடுவாள்.

சாவிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் அவள் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். சுவரில் வெள்ளை ஓடு, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய், அதற்கு எதிரே ஐஸ் பெட்டி, தலைக்கு மேல் குறுக்கே ஓடும் கம்பியில் வரிசையாகக் கொக்கிகள். நடுவில் அடிமரத்தை அறுத்துச் செய்த வெட்டுக்கட்டை. பல வருஷமாகக் கத்தி இறங்கிய இடத்தில் அந்தக் கட்டை குழிந்து போயிருந்தது.

இத்தனை வருஷம் கோழி விற்றவள் கோழி சாப்பிடமாட்டாள். பகல் முழுக்க அந்த வாடையில் நின்றுவிட்டு வீட்டிலும் அதையே தட்டில் பார்க்க அவளால் முடியாது. அவள் கணவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுபவர். "டெய்லர் துணி கட்டாமலா இருக்காரு? டாக்டர் மாத்திரை போடாமலா இருக்காரு? நீ மட்டும் ஏன்டி இப்படி?" என்று கேட்டபடி அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு மனைவிமேல் எந்தப் புகாரும் கிடையாது.

மற்ற கடைகளில் கோழி வாங்கினால் கோழி மட்டும் கிடைக்கும். இவளிடம் வாங்கினால் அதன் வாழ்க்கை வரலாறும் சேர்ந்து வரும். கோழிகள் காலோடும் தலையோடும்தான் கொக்கியில் தொங்கும். வாங்க வருபவர் எடையைக் கேட்பதற்கு முன்னால் இவள் காலைப் பிடித்து நீட்டுவாள்.

"காலைப் பாருங்க. நகம் தேஞ்சிருக்கா? தேஞ்சிருக்குல்ல? மண்ணைக் கிளறின நகம் இது. உள்ளங்காலைத் தொடுங்க. சும்மா தொடுங்க, செத்த கோழி கடிக்காது. காய்ச்சுப் போயிருக்கு பாத்தீங்களா? நடந்த காலு. கொட்டகைக்குள்ள உக்காந்தே வளர்ந்த கோழிக்கு இந்தக் காலு வராது."

தொடமாட்டேன் என்று ஒதுங்குபவரை அவள் விட்டதே இல்லை. கழுத்தில் டை கட்டியவராக இருந்தாலும் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அதோடு முடியாது. கோழியைப் பிளக்கும்போது கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையைத் தனியே எடுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கீறிக் காட்டுவாள். "புல்லு. எறும்பு. இது ஏதோ வண்டோட ரெக்கை. இந்தா, நாலு சோளம். நேத்து சாயங்காலம் இது சாப்பிட்ட சாப்பாடு. நீங்க நேத்து சாயங்காலம் என்ன சாப்பிட்டீங்க? ஞாபகம் இல்லல்ல?" என்று அவள் கேட்கும்போது கடைக்கு வெளியே நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவர் முகம் சுளிப்பார். அடுத்த வாரம் அவரே தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, "அந்தப் பையைக் கீறிக் காட்டுங்கக்கா" என்பார்.

கடைசியாக, பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது ஒரு பாடம். "வீட்டுல போய் எலும்பைக் கடிச்சுப் பாருங்க. பிஸ்கட் மாதிரி நொறுங்குச்சுன்னா ஓடி ஆடாத கோழின்னு அர்த்தம். நம்ம கோழி பல்லுக்கு வேலை வைக்கும். நொறுங்குச்சுன்னா கொண்டாந்து என் முகத்துல வீசுங்க."

இவ்வளவு வாய் பேசியதற்குக் காரணம், அந்தக் கோழிகள் அவள் தம்பியின் கோழிகள். அம்மா போனபோது அவன் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. அவன் இறங்கி நடக்கும்வரை அந்த இடுப்பு இவளுடையதுதான். வளர்ந்த பிறகு அவன் செல்போன் கடை வைத்து மூடினான், ஓடு வியாபாரம் செய்து மூடினான், எதைத் தொட்டாலும் மூடினான். கடைசியில் ஊருக்கு வெளியே மரங்கள் நின்ற ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோழி வளர்க்கிறேன் என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. வார விடுமுறையெல்லாம் அங்கே போய் அவனோடு சேர்ந்து வேலி கட்டினாள், தண்ணீர்த் தொட்டி கழுவினாள். எது மேய்ச்சலுக்கு முதலில் ஓடும், எது மரத்தடியிலேயே சோம்பிக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடையில் அவள் சொன்னது எதுவும் காதில் கேட்டது அல்ல, கண்ணால் கண்டது. அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு உயிர் இருந்தது.

பிறகு தோள்வலி வந்தது. கத்தியை ஓங்கி எலும்பில் போடும்போதெல்லாம் வலது தோளில் கம்பியை விட்டுத் திருகுவதுபோல் ஒரு வலி. டாக்டர், "கத்தியை விட்டுடுங்கம்மா" என்றார். "சரிங்க டாக்டர். நீங்க எத்தனை மணிக்கு வந்து வெட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் வெட்டினாள். வெட்டி முடித்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், எழுந்து மறுபடி வெட்டுவாள்.

ஒருநாள் தம்பி கடைக்கு வந்திருந்தபோது அவள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தான். கொஞ்ச நாளில் கோழிகள் வேறு மாதிரி வந்தன. தலை இல்லை, கால் இல்லை, குடல் இல்லை, தீனிப்பை இல்லை. கழுவித் துடைத்து ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், உறைமேல் மரத்தடியில் நிற்கும் ஒரு கோழியின் படத்தோடு.

"இனிமே எல்லாத்தையும் நானே அங்க சுத்தம் பண்ணி அனுப்புறேன்க்கா. நீ துண்டு போட்டுக் கொடுத்தாப் போதும். உன் கை வலியை என்னால பாத்துட்டிருக்க முடியல" என்றான்.

கூடவே, "வாரா வாரம் பஸ்ல தொங்கிட்டு நீ ஏன் வர்றே? பிள்ளைங்களைக் கூட்டிட்டு நாங்க வர்றோம்" என்றும் சொன்னான். சொன்னபடி வாராவாரம் வந்தான்.

கோழியக்கா அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் அழுதாள். இடுப்பில் தூக்கி வளர்த்தது வீண்போகவில்லை என்று மனசு நிறைந்து போனது. தையல் கடை அம்மாளிடம் சொன்னாள், சாவிக் கடைக்காரரிடம் சொன்னாள், கோழியே வாங்காத ஆட்களை நிறுத்தி வைத்தும் சொன்னாள். "என் தோள் வலிக்குதுன்னு அவன் தூங்கல. இந்தக் காலத்துல எந்தத் தம்பி இப்படி இருக்கான்?" தெரு முழுக்கத் தம்பி புராணம்தான். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

அதன் பலன் கையிலேயே தெரிந்தது. கத்தி லேசாக இறங்க ஆரம்பித்தது. முன்பு ஓங்கிப் போட்டாலும் எலும்பு எதிர்த்து நின்ற இடத்தில் இப்போது வைத்து அழுத்தினாலே போயிற்று. தோள் அலறவில்லை. டாக்டரிடமே போய், "நீங்க கொடுத்த மாத்திரையில போகாதது என் தம்பி பாசத்துல போயிருச்சு" என்று கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு வந்தாள்.

காலும் இல்லை, தீனிப்பையும் இல்லை என்று ஆன பிறகு காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பேச்சு இருந்தது. "மரத்தடியில மேஞ்ச கோழி. புல்லும் பூச்சியும் தின்ன கோழி" என்று வெறுங்கையை விரித்துச் சொன்னாள். ஜனங்கள் தலையாட்டி வாங்கிப் போனார்கள். என் வாய்ச்சொல்லே அவர்களுக்குப் போதும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

வீட்டில் மட்டும் ஒரு தடவை சச்சரவு வந்தது. கணவர் ஒரு துண்டை மென்று நிறுத்தி, "என்னடி, இப்பல்லாம் பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். "என் தம்பின்னாலே உங்களுக்கு எரியும். நம்ம கல்யாணத்துல உங்களுக்கு முன்னாடி அவனுக்குப் பந்தி போட்டாங்கன்னு இன்னும் வயிறு எரியுது" என்று ஆரம்பித்தவள், பழைய கதை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு நாறடித்தாள். அவர் தானாக வந்து, "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வாய் சரியில்ல" என்று சொல்லும்வரை பேச்சுவார்த்தை இல்லை. அதிலிருந்து அவர் கோழியை எந்த விமர்சனமும் இல்லாமல் விழுங்கினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வாட்ச்காரர் வந்தார். தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், பழைய வாடிக்கை. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார்.

"கோழிக்கால் சூப் வெச்சுக் கொடுத்தா எலும்புக்கு நல்லதுன்னு சொல்றாங்கக்கா. முன்னெல்லாம் காலோடதானே தொங்கும். கொஞ்சம் கால் மட்டும் கிடைக்குமா?"

"கிடைக்குமாவா? நாளைக்கே வரவழைக்கிறேன். நடந்த காலு, உங்க அம்மாவை நடக்க வெச்சுரும் பாருங்க."

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. சரி, இதற்குத் தம்பி எதற்கு என்று கோழி ஏற்றி வரும் வண்டிக்காரரையே கூப்பிட்டாள். பழைய வண்டிக்காரர் போய் இவர் புதிதாகச் சேர்ந்தவர், நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே செய்கிறவர்.

"ஒரு பை நிறையக் கோழிக்கால் வேணுமே. காலையில வரும்போது எடுத்துட்டு வர்றீங்களா?"

"அதுக்கென்னக்கா. எடுக்குற இடத்துல மலையாக் குவிஞ்சு கிடக்கும். கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

எடுக்குற இடம் என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை வண்டிக்காரர் கோழிப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பையையும் வெட்டுக்கட்டைமேல் வைத்தார். வாட்ச்காரருக்கு நல்லதாகப் பொறுக்கித் தர வேண்டுமே என்று அவள் பையைக் கவிழ்த்தாள்.

முதல் காலை எடுத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் எல்லாவற்றையும் பரப்பினாள். வெளுத்த கால்கள். நகம் எல்லாம் நீளமாக, கூராக, ஒரு நாளும் மண்ணைத் தொடாத நகம். உள்ளங்கால் குழந்தை விரல்போல மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்ற இடத்தின் நடுவில் ஒவ்வொன்றிலும் கறுப்பாகப் பொருக்கு. கோழி தன் எச்சத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அது சூடாகிச் சுட்டுப் புண்ணாகும். ஒரு காலில் இருந்தால் சீக்கு என்று சொல்லலாம். பை முழுக்க இருந்தது.

"இது எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"எப்பவும் எடுக்குற இடத்துலதான்க்கா. பெரிய ரோட்டுல அந்த நீளக் கொட்டகைங்க இருக்குல்ல, அங்க."

"என் தம்பி பண்ணையில எடுக்கலையா?"

"அங்க ஏதுக்கா கோழி? அங்க நிறுத்தி உறை மேல அந்தப் படத்தை ஒட்டிட்டு வருவேன், அவ்வளவுதான்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனாக்கா?" என்றார்.

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

ஒரு கோழிக்காலை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு கடைக்கதவை இழுத்து மூடினாள். கைகூடக் கழுவாமல் வண்டியில் ஏறினாள். வழி முழுக்க அந்த மனிதர் வேகமாகப் போவதா மெதுவாகப் போவதா என்று தெரியாமல் ஓட்டினார். ஏதோ காரணம் இருக்கும், அவளுக்கு மட்டும் தெரியாத ஒரு நியாயம் இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். வழியில் அந்த நீளக் கொட்டகைகள் வந்தன. ஜன்னல் இல்லாத சுவர், மூலையில் சுழலும் பெரிய விசிறிகள். வாடை வண்டிக்குள் வந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவில்லை.

தம்பியின் நிலத்தில் மரங்கள் அப்படியே நின்றன. அவள் கட்டிய வேலியும் நின்றது. மரத்தடியில் சில கோழிகள் சிவந்த கொண்டையோடு ஜோராக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கணம் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அப்புறம் மற்றவற்றைத் தேடினாள். மேய்ச்சல் தரையில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து கிடந்தது. கோழி மேய்கிற இடத்தில் புல் அப்படி நிற்காது. தண்ணீர்த் தொட்டி காய்ந்து உள்ளே சருகு. இருந்த சில கோழிகள் பார்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கும், படம் எடுப்பதற்கும்.

தம்பி மனைவி வாசலுக்கு வந்தவள் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "வாங்கண்ணி" என்று சொல்வதற்கே அவளுக்கு நேரமாயிற்று. பின்னால் தம்பி வந்தான்.

"சொல்லாம கொள்ளாம வந்திருக்கே? உக்காருக்கா முதல்ல."

"எப்பத்திலேர்ந்துடா?"

"என்னது?"

அவள் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கோழிக்காலை எடுத்து வாசலில் கிடந்த மேஜைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். வண்டிக்காரரைப் பார்த்தான். அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"போன மழைக்காலத்துல கோழிங்களுக்குச் சீக்கு வந்துச்சுக்கா" என்றான் தம்பி. "மொத்தமும் போச்சு. குழி வெட்டி நானே புதைச்சேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல. உன் கொக்கி காலியாத் தொங்கக் கூடாதேன்னு ரெண்டு வாரம் சமாளிக்கத்தான் அந்தக் கொட்டகைக்காரங்ககிட்ட வாங்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? யாரும் எதுவும் கேக்கல. நீயே கேக்கல."

"நான் எப்படிக் கேப்பேன்? காலை வெட்டிட்ட. தீனிப்பையை எடுத்துட்ட. எதையெதைப் பாத்துக் கண்டுபிடிக்கணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. அதையெல்லாம் பாத்துப் பாத்து எடுத்துட்டு அனுப்பியிருக்கே."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"என் கை வலிக்குதுன்னுதானேடா வெட்டி அனுப்பினே?"

அவன் வேலியைப் பார்த்தான்.

"சொல்லு. என் கை வலிக்காகவா, அந்தக் காலை மறைக்கவா?"

"ரெண்டும்தான்க்கா."

"முதல்ல எது தோணுச்சு?"

அவன் மேஜைமேல் இருந்த கோழிக்காலை ஓரமாகத் தள்ளினான். அவள் காத்திருந்தாள். ஒரு பொய்யாவது சொல்லமாட்டானா என்று இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் சொன்னவனுக்கு இன்னொன்று சொல்ல என்ன கஷ்டம்?

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி, உங்ககிட்ட சொல்லிடச் சொல்லி" என்றாள் தம்பி மனைவி கதவோரத்திலிருந்து. ஆக, அவளுக்கும் தெரியும். வாராவாரம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம், "பண்ணையில கோழியெல்லாம் எப்படிடா இருக்கு?" என்று கோழியக்கா கேட்பாளே, அப்போதெல்லாம் பெரியவள் அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்பாள். கூச்சம் என்று நினைத்து அந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. ரெண்டு பேருமா ஏதாவது வழி பண்ணியிருப்போமே."

"சொன்னா நீ வித்திருப்பியா?" என்றான் தம்பி. இப்போது அவனுக்கும் கோபம் வந்துவிட்டது; மாட்டிக்கொண்டவனுக்கு வரும் கோபம். "உனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. முகமே காட்டிக் கொடுத்துடும். நீ நம்பிச் சொன்னாத்தான் அந்தப் பேச்சு அப்படி வரும். உன் பேச்சுக்குத்தான் ஜனம் வாங்குது, கோழிக்கா வாங்குது?"

இவ்வளவு நாள் அவன் வியாபாரம் செய்தது கோழியை வைத்து அல்ல, அவளை வைத்து. தெருவில் தராசைத் தட்டி எடை குறைவென்று பேசுகிறவனை எல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்கத் தெரிந்தவள், வாயடைத்து நின்றாள்.

"உன்கிட்டயிருந்து இனி ஒரு இறகுகூட வரக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். தம்பி மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் இறங்கி நடந்தாள். வண்டிக்காரர் கூப்பிட்டும் ஏறவில்லை. அந்த வண்டியின் பின்னாலும் அதே படம் ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மேல்கம்பியைப் பிடித்து நின்றாள். ஓட்டுநர் பிரேக் போட்டபோது உடம்பு முன்னால் போயிற்று, கை பின்னால் நின்றது. வலது தோளில் அதே பழைய வலி, கம்பியை விட்டுத் திருகுவதுபோல, கண்ணில் தண்ணீர் வரும் வலி. தேறிய கை இப்படி வலிக்குமா? கையை மாற்றிப் பிடித்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. தோள் தேறவே இல்லை. எலும்புதான் மெத்துப் போயிருந்தது. எலும்பைக் கடித்துப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தினமும் தன் கையாலேயே அந்த எலும்பை வெட்டிவிட்டு, தம்பியின் பாசத்தில் கை தேறிவிட்டது என்று டாக்டரிடம் போய்த் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அந்த வெட்கம் தம்பி செய்ததைவிட மோசமாகச் சுட்டது.

வீட்டில் கணவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

"சொல்லிடாதீங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

சுற்றிக்கொண்டிருந்தவர் இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு, தலையைத் தூக்காமலேயே, "பஞ்சுன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் கம்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் கடையைத் திறந்தாள். ஐஸ் பெட்டியில் முந்தின நாள் இறக்கியவை இருந்தன. கொட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை, அவையும் உயிரோடு இருந்தவைதானே. உறைகளைக் கிழித்துப் படத்தோடு குப்பையில் போட்டாள். பையில் இருந்த கால்களில் சிலவற்றை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி முன் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டாள். வருகிற ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, முகத்தில் வீசினால் அதையும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். சொல்லிவிட்டால் தன் சொல்லாவது தனக்கு மிஞ்சும்.

முதலில் வந்தவர் வாட்ச்காரர்.

"உங்களுக்குக் கால் தரமாட்டேங்க" என்றாள். "இதைப் பாருங்க. நகத்தைப் பாருங்க, புண்ணைப் பாருங்க. இது கொட்டகைக் கோழி. ரொம்ப நாளா உங்களுக்கெல்லாம் நான் வித்தது இதைத்தான். என் தம்பி என்னை ஏமாத்திட்டான். உங்க அம்மாவுக்கு இதை வெச்சுக் கொடுக்க வேண்டாம்."

வாட்ச்காரர் காலைப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"தெரியும்க்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"எலும்புதான். நீங்கதானே கடிச்சுப் பாக்கச் சொல்லிக் கொடுத்தீங்க? அம்மா அப்பவே சொன்னாங்க, பல்லில்லாத நானே எலும்பை மென்னுட்டேன்டான்னு. தையல் கடை அம்மாவும் சொன்னாங்க. தெருவுக்கே தெரியும்க்கா."

கோழியக்கா வெட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க யாரும் என்கிட்ட சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? காலையெல்லாம் எடுத்துட்டு, பழையபடியே மரத்தடி, புல்லு, பூச்சின்னு பேசிட்டிருந்தீங்க. பிழைப்புன்னா எல்லாரும் ரெண்டு வார்த்தை கூட்டித்தான் சொல்றாங்க. நானும்தான் பழைய பேட்டரியைத் துடைச்சுப் போடுறேன். அதோட நீங்க சொல்றதைக் கேக்கவும் நல்லா இருக்கும். சரி போகட்டும்னு விட்டுட்டோம்."

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா எனக்கு நேத்துதான் தெரியும்."

வாட்ச்காரர் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை, வேண்டியவர்களைச் சங்கடப்படுத்தாமல் விடும் சிரிப்பு. "பரவாயில்லக்கா, விடுங்க."

"நீங்க நம்பலையா?"

"உங்களுக்குத் தெரியாத கோழியாக்கா?" என்றார் அவர். ஒரு பாராட்டைப்போல, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோள்வலி, டாக்டர், வெட்டி அனுப்பிய தம்பி என்று எங்கே ஆரம்பித்தாலும் அது கூட்டிச் சொல்கிற இன்னொரு கதையாகத்தான் கேட்கும் என்று தோன்றியது. தையல் கடை அம்மாள் தன் வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் துணியை உதறினாள்.

"கால் இல்லன்னா போகுது. கறியாவே ஒரு அரை கிலோ போடுங்கக்கா" என்றார் வாட்ச்காரர். "அம்மா காத்துட்டிருப்பாங்க."

"இது எங்க வளந்துச்சு, என்ன தின்னுச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் கோழியக்கா. அந்தக் கடையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரிக்கா" என்று அவர் பையை விரித்தார்.

அவள் ஒரு கோழியை எடுத்துக் கட்டைமேல் வைத்தாள். கத்தியை எலும்புமேல் வைத்து அழுத்தினாள். கை கொஞ்சமும் வலிக்கவில்லை.